குழாயின் மறுமுனை

சிஸ்டரின் கையிலிருந்த சின்னக் கருவியிலிருந்து ஒரு சிவப்புக் கோடு கிளம்பி, நேராகப் போய் மேஸ்திரியின் காது ஓட்டைக்கு முன்னால் உட்கார்ந்தது.

கட்டிலோரம் நின்றிருந்த மேஸ்திரியின் மனைவி அந்தக் கோட்டை முறைத்தாள்.

"இங்கயும் வந்துட்டாளா!" என்று முனகினாள்.

"யாரு அக்கா?" என்றார் சிஸ்டர், கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். முகத்தில் பாதியை மறைக்கிற மூக்குக்கண்ணாடி. அதனால் வார்டில் எல்லோருக்கும் அவர் கண்ணாடி சிஸ்டர்.

"என் சக்களத்தி."

சிஸ்டர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். ராத்திரி முழுக்கத் தூங்காத மனுஷி, ஏதோ உளறுகிறாள் என்று நினைத்திருப்பார். பேசாமல் கம்பத்தில் தொங்கிய குப்பியை ஒரு விரல்கடை இறக்கி, திருகை முறுக்கினார். மேஸ்திரியின் மொட்டையடித்த தலையிலிருந்து புறப்பட்ட மெல்லிய குழாய் அந்தக் குப்பிக்குத்தான் போகிறது. குப்பியின் பூஜ்யக் குறி காதுக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு நூல் கூடப் பிசகக் கூடாது.

ஒரு நூல் கூடப் பிசகக் கூடாது என்பது கட்டிலில் கிடந்தவரின் வாய்ப்பாடு. டைல்ஸ் போடுகிற மேஸ்திரி. தரையில் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், ஏற்ற இறக்கம் இருந்தாலும் ஒட்டிய கல்லைப் பெயர்த்தெடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அதனால் தொழிலில் அவர் பெயரே நூல் மேஸ்திரி. அவரைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு அவள் நூலக்கா.

சக்களத்தி கதையையும் சொல்லிவிட வேண்டும்.

இருபத்திரண்டு வருஷம் நூலக்காவும் அவரோடு வேலைக்குப் போனவள். கலவை குழைப்பாள், கல் எடுத்துக் கொடுப்பாள். ஆனால் அவள் பெருமையெல்லாம் டியூபில் இருந்தது. தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி மாதிரித் தெளிந்த, நீளமான பிளாஸ்டிக் டியூப். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவர் ஒரு சுவரில் நிற்பார், மறுமுனையோடு அவள் எதிர்ச்சுவரில். ஊரில் எந்த மூலைக்குக் கொண்டுபோனாலும் தண்ணீர் இரண்டு முனையிலும் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனால் உடனே நிற்காது, கொஞ்ச நேரம் மேலும் கீழும் ஆடும்.

"நின்னுச்சா?" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

"ஆடுது."

"நின்னுச்சா?"

"இருங்க, ஆடுது."

"இப்ப?"

"நின்னுச்சு!"

அவள் பென்சிலால் ஒரு கோடு கிழிப்பாள். அந்தக் கோட்டை நம்பி ஒரு வீட்டின் தரையே எழும்பும். முதல் நாள் ராத்திரி சட்டிப்பானை உருள்கிற அளவுக்குச் சண்டை நடந்திருந்தாலும், மறுநாள் இந்தப் பேச்சுக்கு மட்டும் பஞ்சம் வந்ததில்லை. பிள்ளையில்லாத வீடு. வீட்டில் பேச அவ்வளவாக ஒன்றும் இருக்காது. அவர்கள் குடும்பம் நடத்தியது பெரும்பாலும் யார் யாருடைய வீட்டுச் சுவர்களுக்கோ நடுவில்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் லேசர் மெஷின் வந்தது. முக்காலியில் ஏற்றிப் பித்தானை அமுக்கினால் போதும், நாலு சுவரிலும் சிவப்புக் கோடு ஓடும். ஆடாது, யாரும் பிடிக்கவும் வேண்டாம்.

"முட்டி வலிக்குது, முட்டி வலிக்குதுன்னு சொல்லிட்டே இருந்தியே. இனிமே நீ வீட்ல நிம்மதியா உக்காரு" என்றார் மேஸ்திரி, மெஷினைத் துடைத்துக்கொண்டே.

சுரீரென்றது அவளுக்கு. ஆனால் ரோஷக்காரி அல்லவா? "அப்பாடா! விட்டுது தொல்லை" என்று கையை உதறிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். போனவள் அழுதது அடுப்புக்கு மட்டும் தெரியும்.

அன்றிலிருந்து அந்த மெஷினுக்கு அவள் வைத்த பெயர்தான் சக்களத்தி. காலையில் அவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். சாயங்காலம் வந்து குளிப்பார், சாப்பிடுவார், படுப்பார். அவள் டியூபைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். பெருக்கும்போது அதையும் ஒரு தட்டு தட்டி வைப்பாள். ஆள் இல்லாத பகலில் ஒன்றிரண்டு தடவை, "நின்னுச்சு" என்று சும்மா சொல்லிப் பார்த்திருக்கிறாள். கேட்க ஆள் இல்லாமல் அந்த வார்த்தை தனியாக நின்றது.

போன மாதம் அவருக்குத் தலைவலி ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் மண்டையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். குனிந்தால் வலி கூடும். ஒன்றிரண்டு நாள் வாந்தியும் எடுத்தார். "சிமென்ட் தூசி" என்றார். மாத்திரை போட்டால் கேட்டது. அப்புறம் மாத்திரைக்கும் கேட்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் வெறும் தோளோடு வந்தார்.

"மெஷின் எங்க?" என்றாள்.

"ரிப்பேர் கடையில. சனியன், ஒரு கோடு ரெண்டு கோடா தெரியுது. இந்த வேலையை அதை வெச்சு முடிக்க முடியாது." அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "அந்த டியூப் இருக்கா? தூக்கிக் கீக்கிப் போட்டுட்டியா?"

"இருக்கு."

"கழுவி வை. நாளைக்கு நீயும் வா."

பதினாறு வயசுப் பெண்போல ஆகிவிட்டாள் நூலக்கா. டியூபைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் சுண்டிச் சுண்டி வெளியேற்றினாள். குமிழி இருந்தால் தண்ணீரும் பொய் சொல்லும் என்பது அந்தத் தொழிலில் முதல் பாடம்.

மூன்று நாள். வெறும் மூன்று நாள். யாரோ கட்டுகிற வீட்டின் பெரிய கூடத்தில் அவர் அந்தச் சுவர், அவள் இந்தச் சுவர். "நின்னுச்சா?" "ஆடுது." முட்டி வலி எங்கே போனதென்று தெரியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அவர் டியூபைப் பிடித்தபடியே கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"ஏய், அந்தப் பக்கம் ரெண்டு பேரா நிக்கிற. ஒருத்திக்கே என்னால பதில் சொல்ல முடியல."

அவள் சிரித்தாள். இத்தனை வயசுக்கு மேல் மனுஷனுக்குக் கிண்டலைப் பார் என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் கையிலிருந்த முனை நழுவியது. தண்ணீர் முழுக்கத் தரையில் கொட்டியது. அவர் சுவரோடு சரிந்து அந்தத் தண்ணீரில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "கொஞ்ச நாளா எதுவாவது ரெண்டு ரெண்டா தெரியுதுன்னு சொன்னாரா?" என்பதுதான்.

நூலக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. கோடு ஒன்றுதான். இரண்டாகத் தெரிந்தது அவர் கண்ணுக்கு.

டாக்டரம்மா காகிதத்தில் ஒரு வட்டம் போட்டார். "மண்டை ஓடு ஒரு பெட்டி மாதிரிம்மா. விரியாது. உள்ள மூளை இருக்கு, ரத்தம் இருக்கு, கொஞ்சம் தண்ணி இருக்கு. அந்தத் தண்ணி ஊறிட்டே இருக்கும், வடிஞ்சிட்டே இருக்கும். இவருக்கு வடியற வழியில ஒரு சின்னக் கட்டி வளர்ந்து அடைச்சிருச்சு. ஊறுறது நிக்கல. போக இடமில்ல. அதனால உள்ள அழுத்தம் ஏறுது. மூளைதான் நசுங்குது."

"பாத்ரூம்ல தண்ணி ஓடற வாட்டமெல்லாம் சரியா இருந்தும், ஓட்டையில முடி அடைச்ச மாதிரி" என்றாள் நூலக்கா.

டாக்டரம்மா பேனாவை நிறுத்தினார். "அதேதான். இவ்வளவு சுலபமா எனக்குச் சொல்லத் தெரியலையே! கட்டியை ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம், நல்ல கட்டிதான், கேன்சர் இல்ல. ஆனா இப்ப இருக்கற அழுத்தத்துல உடனே கை வைக்கறது ஆபத்து. முதல்ல ஒரு குழாய் போட்டு மெதுவா வடிய விடறோம். அஞ்சாறு நாள்ல மூளை கொஞ்சம் அடங்கணும். அதுவரைக்கும் அழுத்தம் ஏறாம பார்த்துக்கணும். அதுலதான் எல்லாமே இருக்கு."

ஏறாமல் பார்த்துக்கொள்வது சின்ன வேலையா? கட்டிலின் தலைப்பக்கம் சாய்வாக உயர்ந்திருக்க வேண்டும். கழுத்து நேராக இருக்க வேண்டும். திரும்பினால் ரத்தம் இறங்குகிற வழி நெரிபடும். இருமக் கூடாது, முக்கக் கூடாது, பக்கத்தில் யாரும் கத்தக் கூடாது. கட்டிலை ஏற்றினாலும் இறக்கினாலும் முதலில் குழாயை மூட வேண்டும், பிறகு சிவப்புக் கோடு பாய்ச்சிக் குப்பியைக் காதுக்கு மட்டம் பார்த்த பிறகுதான் திறக்க வேண்டும். குப்பி கீழே போனால் தண்ணீர் மொத்தமும் மடமடவென்று வடிந்துவிடும். மேலே போனால் வடியவே வடியாது. இரண்டும் ஆபத்து.

"எல்லாத்துக்கும் மேல, நீங்க குழாயைத் தொடவே கூடாதுக்கா" என்றார் கண்ணாடி சிஸ்டர். "பாசத்துல தலையணை வைக்கறேன், கட்டிலைத் தூக்கறேன்னு எதுவும் கூடாது. எதுவானாலும் என்னைக் கூப்பிடுங்க."

நூலக்கா கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்படித்தான் மூன்று நாள் போயிற்று.

வெளியே வராந்தாவில் அவள் நாத்தனார். அந்த வராந்தாவே தனக்கு எழுதி வைத்தது மாதிரி ஒரு பெஞ்சு முழுக்கத் துணிப்பையைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அண்ணன் மேல் உயிர். ஆனால் வாயைத் திறந்தால் கரண்டி நெருப்பு.

"என்ன அண்ணி, எங்கண்ணன் மண்டையில இருந்து இன்னிக்கு எவ்வளவு வந்துச்சு?"

"அரை டம்ளர் இருக்கும்."

"இவ்வளவு நாளா உள்ள வெறும் காத்துதான்னு நினைச்சேன். பரவாயில்ல, சரக்கு இருந்திருக்கு." சொல்லிவிட்டு அவளே மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

நூலக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லச் சொன்னாள். "மெஷின் கெட்டுப்போச்சுன்னு அவர் சொன்னப்ப நான் சந்தோஷப்பட்டேன். உங்கண்ணன் கண்ணு கெட்டுப்போனதுக்கு நான் சிரிச்சுக்கிட்டு வேலைக்குப் போனேன். ரெண்டு பேரா தெரியறேன்னு சொன்னாரு. அதுக்கும் சிரிச்சேன்."

நாத்தனார் துணிப்பையை ஒதுக்கிவிட்டு நெருங்கி உட்கார்ந்தாள். பிறகு தன் பாணியிலேயே, "எங்கண்ணன் ஜோக் அடிச்சா சிரிக்கறதுக்கு ஊர்லயே நீங்க ஒருத்திதான். அதையும் குத்தம்னு சொன்னா எப்படி?" என்றாள். அண்ணி கையைப் பிடித்தவள், ரொம்ப நேரம் விடவில்லை.

உள்ளே போனால் நூலக்காவின் கண் குழாயை விட்டு நகராது. மேஸ்திரி பாதி மயக்கத்தில் இருந்தார். கூப்பிட்டால் இமை அசையும். "கையைப் பிடிங்க" என்றால் அவள் விரலை லேசாக அழுத்துவார். பேச்சு இல்லை. அவளுக்குக் கிடைத்த ஒரே பேச்சு அந்தக் குழாய்க்குள் நடந்தது. உள்ளே தண்ணீர் நின்றிருக்கும் இடத்தில், அதன் மேல்விளிம்பு மிக மெல்ல ஏறும், இறங்கும். அவர் நெஞ்சு துடிக்கிற கணக்கில், மூச்சு விடுகிற கணக்கில். குப்பியின் வாயில் அவ்வப்போது ஒரு சொட்டு விழும்.

"ஆடுது" என்று அவள் உதட்டுக்குள் சொல்லிக்கொள்வாள். அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வராவிட்டாலும் இவள் பதில் சொன்னாள். ஒரே ஒரு தடவை, அந்தக் குரலில் அந்த ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது. வேறு எதுவும் வேண்டாம். வேலைக்குக்கூடக் கூப்பிட வேண்டாம். அந்தச் சக்களத்தியோடு நூறு வருஷம் வேலைக்குப் போகட்டும், போகிற ஆள் எழுந்திருக்கட்டும்.

நாலாம் நாள் மத்தியானம் படுக்கை விரிப்பு மாற்றினார்கள். முறைப்படி குழாயை மூடினார்கள். அவரைப் புரட்டினார்கள், விரிப்பை இழுத்தார்கள். மறுபடி சாய்த்துப் படுக்க வைத்து, சிவப்புக் கோடு பாய்ச்சி, மட்டம் பார்த்து, திருகைத் திறந்தார்கள். எல்லாம் சரி. சிஸ்டர் திரையில் அழுத்தத்தைக் காட்டும் எண்ணைப் பார்த்து அட்டையில் எழுதினார். ஒன்பது. "சூப்பர்க்கா. அழுத்தம் நல்லா இறங்கியிருக்கு" என்றுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நூலக்கா வழக்கம்போலக் குழாயைப் பார்த்தாள்.

தண்ணீர் நின்றிருந்தது.

ஆடவில்லை. ஏறவில்லை, இறங்கவில்லை. கண்ணாடித் துண்டு போல அசையாமல் நின்றது. ஒரு நிமிஷம் பார்த்தாள். இரண்டு நிமிஷம் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாக எந்த ஒன்றுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாளோ, அது கண்முன் நடந்தது.

"கையைப் பிடிங்க" என்றாள் அவர் காதோரம்.

பிடிக்கவில்லை.

"ஏங்க. என் கையைப் பிடிங்க."

விரல்கள் ஈரத்துணி போலக் கிடந்தன. இமை அசையவில்லை.

டியூபில் தண்ணீர் இப்படிச் செத்து நின்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். எங்கோ குமிழி, அல்லது அழுக்கு. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அறுந்துபோய்விட்டது. இந்த முனை காட்டுவது அந்த முனையின் மட்டம் இல்லை. வேலையிடமாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கை போயிருக்கும். டியூபை விரலால் நாலு சுண்டு சுண்டினால் சரியாகிவிடும். இப்போதும் கை போனது. குழாய்க்கு ஒரு சாண் தூரம் வரை போனது. அங்கே, தன் கையைத் தன் இன்னொரு கையால் பிடித்து நிறுத்தினாள்.

"சிஸ்டர்!"

"சத்தம் போடாதீங்கக்கா, வர்றேன்..."

"இப்ப வாங்க. தண்ணி ஆடல."

சிஸ்டர் வந்து எண்ணைப் பார்த்தார். "ஒன்பதுதான்க்கா இருக்கு. நல்ல நம்பர். பயப்படாதீங்க."

"அந்த நம்பர் பொய். குழாய் அறுந்துபோச்சு."

"எங்க அறுந்திருக்கு? நல்லாத்தானே..."

"வெளிய இல்லம்மா, உள்ள! டியூப்ல அடைப்பு இருந்தா தண்ணி பாட்டுக்கு ஒரு இடத்துல நிக்கும், நாமளும் மட்டம்னு நினைச்சு ஏமாந்துடுவோம். இருபத்திரண்டு வருஷம் பிடிச்சவ சொல்றேன். இவ்வளவு நேரம் ஆடிச்சு. இப்ப ஆடல. என் கையையும் பிடிக்கல!"

கடைசி வாக்கியத்தில் சிஸ்டர் நிமிர்ந்தார். திரையைப் பார்த்தார். எண் இருந்தது, எண்ணுக்குப் பக்கத்தில் எப்போதும் மேடும் பள்ளமுமாக ஓடுகிற அலை தட்டையாக ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று குப்பியைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்தார். குழாய் நன்றாக இருந்தால் மடமடவென்று சொட்ட வேண்டும். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

டார்ச்சை எடுத்து மேஸ்திரியின் கண்ணைத் திறந்து பார்த்த சிஸ்டரின் முகம் மாறியது. "டாக்டரைக் கூப்பிடுங்க! சீக்கிரம்!"

அப்புறம் எல்லாம் ஓட்டம். நூலக்காவை வெளியே அனுப்பிவிட்டார்கள். கதவின் கண்ணாடிச் சதுரத்தில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றாள். பெரிய டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு குனிந்திருந்தார். யாரோ மருந்து ஏற்றினார்கள். நாத்தனார் பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்திருந்தாள்.

அரை மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். முகத்தில் வேர்வை.

"துளி ரத்தக்கட்டி ஒண்ணு குழாயில போய் உக்காந்திருந்துச்சு. எடுத்ததும் நிஜமான நம்பர் வந்துச்சு. முப்பத்தி நாலு. இருபதைத் தாண்டினாலே ஆபத்து." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னும் கொஞ்ச நேரம் கவனிக்காம விட்டிருந்தா நான் இப்ப உங்ககிட்ட வேற மாதிரி பேசிட்டு இருந்திருப்பேன். இப்ப வடியுது. இறங்கிடுச்சு. போய் கையைப் பிடிச்சுப் பாருங்க."

போய்ப் பிடித்தாள். சின்னக் குழந்தை பிடிப்பது போல, பலமே இல்லாமல், அவர் விரல் அவள் விரலைச் சுற்றியது. குழாயில் தண்ணீர் ஆடியது.

ஆபரேஷன் ஆறாம் நாள். காலையில் உள்ளே கொண்டு போனார்கள். நூலக்காவும் நாத்தனாரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பையில் கிடந்த அவருடைய போன் அடித்தது.

"மேஸ்திரியா? ரிப்பேர் கடையிலருந்து பேசறேன். மெஷினை எடுத்துட்டுப் போகலையே?"

"அவருக்கு உடம்பு சரியில்லைங்க. நான் அவர் சம்சாரம். அதுல கோளாறு இல்லைன்னு எனக்கும் இப்பத் தெரியும்."

"அதைத்தான் அன்னிக்கே சொல்லிட்டேனேம்மா. அவர் முன்னாடியே போட்டுக் காட்டினேன். கடையில இருந்த எல்லாருக்கும் ஒரு கோடுதான் தெரிஞ்சுது. 'சரி, எனக்குத்தான் கண்ணுல ஏதோ. மெஷின் ஒரு வாரம் இங்கயே இருக்கட்டும்'னு வெச்சுட்டுப் போனாரு. நல்ல மெஷினை எதுக்கு விட்டுட்டுப் போறீங்கன்னு கேட்டேன். சிரிச்சாரு."

நூலக்கா போனைப் பைக்குள் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"யாரு அண்ணி?"

"உங்கண்ணன்கிட்ட எனக்கு ஒண்ணு கேக்கணும்" என்றாள் நூலக்கா. "வெளிய வரட்டும்." கேள்வி கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தது; பதில் கதவுக்கு அந்தப் பக்கம், மண்டை திறந்து கிடந்தது. இவ்வளவு நாள் அவர் குரலுக்காக ஏங்கினாள். இப்போது அந்தக் குரலில் ஒரே ஒரு பதிலுக்காக.

கட்டி முழுசாக வந்துவிட்டது. ஆபரேஷனுக்கு அப்புறம் மேஸ்திரிக்கு நினைவு திரும்ப இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் தண்ணீர் கேட்டார். நாலாம் நாள் தங்கையைப் பார்த்து, "நீ ஏன் இவ்வளவு இளைச்சுட்ட?" என்றார். அவள் இளைக்கவே இல்லை. "கண்ணு இன்னும் சரியாகல போல" என்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் குழாயை மூடினார்கள். ஒரு முழு நாள் மூடி வைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் தன் பழைய வழியில் தானே வடிந்தால் எண் ஏறாது. ஏறினால் மறுபடி திறக்க வேண்டும், இன்னொரு ஆபரேஷனும் வேண்டியிருக்கும். எண் ஏழு, எட்டு, ஏழு என்றே நின்றது. மறுநாள் டாக்டரம்மா வந்து ஒரு விரலை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

"எத்தனை விரல்?"

நூலக்கா கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'ஒண்ணுன்னு சொல்லுங்க' என்று மனசு கெஞ்சியது. ஒன்று என்றால் கண் சரி. கண் சரியென்றால் நாளைக்கே சிவப்புக் கோடும் அவருக்கு ஒன்றாகத்தான் தெரியும். டியூப் கதவுக்குப் பின்னால் ஆணிக்குப் போகும். தெரிந்தும் அவள், 'ஒண்ணு, ஒண்ணு' என்றே வேண்டினாள்.

"ஒண்ணுதான்" என்றார் மேஸ்திரி.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே குழாயை உருவி, அந்த இடத்தில் ஒரு தையல் போட்டுவிட்டுப் போனார். கண்ணாடி சிஸ்டர் குழாயைக் குப்பைக்கூடையில் போட்டார். சுருண்டு கிடந்த அந்தக் குழாயை நூலக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலருகில் உட்கார்ந்தாள்.

"ரிப்பேர் கடைக்காரர் போன் பண்ணாரு."

மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார். "ஓட்டை வாய்க்காரன்."

"மெஷின்ல கோளாறு இல்லன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"கண்ணுலதான் கோளாறுன்னும் தெரியும்."

"ம்."

"பாவி மனுஷா! ஏன் சொல்லல? செத்துப் போயிருப்பீங்களே!"

"மெதுவா. நம்பர் ஏறிடும்."

"குழாயை எடுத்தாச்சு. இனிமே ஏறினா எனக்குத்தான் ஏறும். சொல்லுங்க."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். குரல் இன்னும் பலமில்லாமல், வார்த்தைக்கு வார்த்தை நின்று வந்தது. "சொன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டு வந்திருப்ப. போகணும்னுதான் இருந்தேன். இந்தக் கூடத்து வேலை முடியட்டும்னு நினைச்சேன். ரெண்டு வருஷம் கழிச்சு அப்பத்தான் உன்னைக் கூப்பிட ஒரு சாக்கு கிடைச்சுது."

"என்னைக் கூப்பிட உங்களுக்குச் சாக்கு வேணுமா?"

"நீதானே சொன்ன. 'அப்பாடா, விட்டுது தொல்லை'ன்னு."

அடுப்படியில் ஒரு பொம்பளை அழுததை இந்த மனுஷன் எங்கே கண்டான்? கையை உதறியதை மட்டும் இரண்டு வருஷம் சுமந்துகொண்டு, வெறும் சுவர்களுக்கு நடுவில் தனியாகக் கல் பதித்திருக்கிறான். ஒரு நூல் பிசகினால் கல்லைப் பெயர்க்கிறவனுக்கு, பிசகியது எங்கே என்று தெரியாமல் போயிற்று. அவளுக்கு மட்டும் தெரிந்ததா என்ன?

"மூணு மாசம் வேலைக்குப் போகக் கூடாதாம். ஏணி ஏறவே கூடாதாம்" என்றாள்.

"சரி."

"அப்புறம் மெஷினை வாங்கிட்டு வந்து தர்றேன்."

அவர் ஜன்னல் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ கொஞ்சம் எழுந்து தள்ளி நில்லு" என்றார்.

"ஏன்? கிட்ட உக்காந்தா என்ன?"

"கிட்ட இருந்தா பழக்கமில்லாத மாதிரி இருக்கு. அந்தச் சுவரோரம் போய் நில்லு."

பைத்தியக்கார மனுஷன் என்று நினைத்தபடி எழுந்தாள். அறையின் அந்தக் கோடிக்குப் போய், ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நின்றாள். வெளியே பகல் வெளிச்சத்தில் கண் கூசியது. அங்கிருந்து பார்த்தால் கட்டில் ரொம்ப தூரமாகத் தெரிந்தது. மொட்டைத் தலையும் கட்டுமாக அவர் சின்னதாகத் தெரிந்தார். இருவருக்கும் நடுவில் டியூப் இல்லை, கோடு இல்லை, ஒன்றுமே இல்லை. வெறும் தரை.

மேஸ்திரி தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கவில்லை.

"நின்னுச்சா?" என்றார்.

கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட அவளுக்குக் கை எழவில்லை.

"இல்லைங்க" என்றாள், குரலைச் சரிசெய்ய முயன்றபடி. "ஆடுது. கொஞ்சம் பொறுங்க."